நீலக் கோட்டு ஊதாவாகக் கூடாது!

ஏப்ரல் 14 நெருங்கிவிட்டால் போட்டோ கப் கேட்டு ஆர்டர் குவியும். அண்ணல் அம்பேத்கர் படம் போட்ட கப்தான் விழாப் பரிசாக அதிகம் போகும். பிரிண்டர், கப் பிரஸ், கணினி இவை இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே தொழிலைத் தொடங்கிவிடலாம் என்பதால் நம் இளைஞர்கள் பலர் இதில் இறங்குகிறார்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம். ஆனால், மானியம் கடையைத் திறக்கத்தான் உதவும். பத்து கப்பில் மூன்று வீணாகிப் போனால் லாபம் அதோடு சரி. வங்கித் தவணை மட்டும் நிற்காது.

கப் வீணாவதற்கு மையைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் குற்றம் மையில் இருப்பதில்லை. இந்த அச்சு எப்படி நடக்கிறது என்பது புரிந்தால் குற்றம் எங்கே என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். சப்ளிமேஷன் மை, சூட்டில் உருகாமல் நேராக ஆவியாகும். அந்த ஆவி கப்பின் மேல் பூசியிருக்கும் பாலிமர் பூச்சுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். எனவே சூடு, நேரம், அழுத்தம், பூச்சு இந்த நான்கில் ஒன்று தவறினாலும் படம் கெடும். பூச்சு இல்லாத சாதாரணப் பீங்கான் கப்பில் படம் நிற்கவே நிற்காது.

முதலில் நீலத்தைப் பார்ப்போம். திரையில் நல்ல நீலமாகத் தெரியும் அண்ணலின் கோட்டு, கப்பில் ஊதாவாக வருகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். திரையின் நிறமும் மையின் நிறமும் ஒன்றல்ல. இரண்டையும் இணைக்கும் ஐசிசி புரொஃபைல் என்ற கோப்பை மை விற்பவரிடம் கேட்டு வாங்கிக் கணினியில் ஏற்ற வேண்டும். நிறத் திருத்தத்தை மென்பொருள், பிரிண்டர் இரண்டில் ஒன்றிடம் மட்டும் விட வேண்டும். இரண்டும் திருத்தினால் நிறம் மேலும் குழம்பும். காகிதத்தில் படம் மங்கலாகத் தெரிகிறதே என்று பயந்து நிறத்தைக் கூட்டவும் வேண்டாம். சூடு பட்ட பிறகுதான் உண்மை நிறம் தெரியும்.

படம் வெளிறி வந்தால் சூடோ நேரமோ போதவில்லை என்று பொருள். காகிதத்தின் பூச்சு இல்லாத பக்கத்தில் அச்சடித்தாலும் இப்படி ஆகும். கறுப்பு பழுப்பாகி, ஓரங்கள் கசிந்தாற்போல் இருந்தால் சூடோ நேரமோ மிகுந்துவிட்டது. பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை வைத்து, சுமார் மூன்று நிமிடத்தில் சோதனையைத் தொடங்கலாம். பிரஸ் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மின்னழுத்தம் குறையும் ஊர்களில் பிரஸ் சூடேறத் தாமதமாகும். முதல் கப்புக்கும் பத்தாவது கப்புக்கும்கூடச் சூடு மாறும்.

நடுவில் பளிச்சென்றும் மேல், கீழ் ஓரங்களில் மங்கியும் இருந்தால் அழுத்தம் சீராக இல்லை. பிரஸின் பட்டை கப்பை முழுதும் தழுவும்படி திருகைச் சரிசெய்ய வேண்டும். கைப்பிடி அருகிலும் விளிம்பிலும் பட்டை சரியாகப் படியாது. எழுத்தையும் முகத்தையும் அங்கே வைக்காதீர்கள். படம் இரட்டையாக, நிழல் விழுந்ததுபோல் வந்தால் காகிதம் நகர்ந்திருக்கிறது. சூடு தாங்கும் டேப்பால் இறுக ஒட்டி, பிரஸைத் திறந்ததும் காகிதத்தை ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும்.

சின்னச் சின்னப் புள்ளிகளுக்குக் காரணம் தூசியும் துணி நூலும்தான். நூல் உதிராத துணியால் கப்பைத் துடைத்தாலே போதும். மழைக்காலத்தில் திட்டுத் திட்டாக வந்தால் காகிதம் ஈரம் இழுத்திருக்கிறது. அதை உறையில் மூடி வையுங்கள். கோடு கோடாக வந்தால் பிரிண்டரின் நாசில் அடைத்திருக்கிறது. ஆர்டர் இல்லாத நாட்களிலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு வண்ணப் பக்கம் அச்சடித்தால் அடைப்பு வராது.

வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கித்தான் வரும். அதை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 20 செ.மீ. அகலத்துக்குத் தெளிவாக அச்சடிக்க, படம் சுமார் 2,360 பிக்சல் அகலம் இருப்பது நல்லது.

முகத்தின் நிறம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. கப்பின் வெள்ளைதான் வெள்ளை. கறுத்த முகங்களில் நிழல் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்து, கண்ணும் மூக்கும் தெரியாமல் போவதுண்டு. உடனே முகத்தையே வெளுப்பாக்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. நிழல் பகுதியை மட்டும் சற்றுத் தூக்கினால் முகம் தெளிவாகும், நிறமும் மாறாது. அம்மாவின் படத்தைக் கொண்டு வருபவர் கேட்பது அவருடைய அம்மாவின் முகத்தைத்தான். வேறொருவர் நிறத்தை அல்ல.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி கப், எத்தனை டிகிரி, எத்தனை விநாடி, என்ன குறை என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. புதிய பெட்டி வந்தால் ஒரு கப்பில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். பூச்சு பெட்டிக்குப் பெட்டி மாறும்.

நம்ம பையன் கடை என்று முதல் முறை வந்து வாங்குவார்கள். அந்த அன்பை நம்பிக் குறையுள்ள கப்பைத் தள்ளிவிடக் கூடாது. நீலம் நீலமாகவே வந்தால்தான், டிசம்பர் 6க்கும் அதே கடையைத் தேடி வருவார்கள்.