லேபிளைப் படிங்க, அப்புறம் மூடியைத் திறங்க!

நம்மில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டுக்குக் களைக்கொல்லி டப்பா வந்தால், லேபிளைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

கிளைபோசேட்டை எடுத்துக்கொள்வோம். இது களை, பயிர் என்று பார்க்காது. பச்சை இலையில் பட்டால் வேர்வரை இறங்கிக் கொல்லும். இந்தியாவில் தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும் மட்டுமே இதற்குப் பதிவு உண்டு. "பருத்திக்கும் அடிக்கலாம் தம்பி" என்று யார் சொன்னாலும், லேபிளில் இல்லாத பயிருக்கு அடிக்கக் கூடாது. பெஸ்ட் கன்ட்ரோல் ஆபரேட்டர் மூலமாகத்தான் தெளிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கையும் வெளியிட்டது.

லேபிளில் சொல்வதற்கெல்லாம் காரணம் இருக்கு. சுத்தமான தண்ணீர் எதற்கு? கலங்கல் தண்ணீரில் உள்ள களிமண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். களை சாகாது, காசுதான் போகும். காற்று வீசும்போது அடித்தால் சாரல் பக்கத்து வயலைக் கருக்கிவிடும்.

சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தையும் பாருங்க. சிவப்பு மிகக் கடும் விஷம், மஞ்சள் கடும் விஷம், நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. குறைவு என்றால் வெறுங்கையால் கலக்கலாம் என்று அர்த்தமில்லை!

பரீட்சையில் கேள்வித்தாளை இரண்டு தடவை படிக்கிறோமே, அதே கவனத்தோடு லேபிளையும் படித்து அப்பாவுக்குச் சொல்வோம்.