கலங்களைப் பிணைக்கும் புரதங்களும் அவை பிழைக்கும்போது விளையும் நோய்களும்

நியூஸிலாந்தின் மவோரி இனத்தைச் சேர்ந்த பெருங்குடும்பமொன்று சுமார் மூன்று தசாப்த காலத்தில் தனது உறுப்பினர்களுள் 25 பேரளவில் இரைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தது. உயிரிழந்தவர்களுள் மிக இளையவரின் வயது 14 மாத்திரமே. குருதிவழி வந்த ஏதோவொன்றே தமது உறவுகளைக் காவுகொள்கின்றது என உணர்ந்த அக்குடும்பத்தினர் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களைத் தாமாகவே நாடிச் சென்றனர். பரி கில்ஃபோர்ட் தலைமையிலான குழுவினர் 1998 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் தமது முடிவை வெளியிட்டபோது, அக்குடும்பத்தைச் சேர்ந்தோரும் இணையாசிரியர்களாகப் பெயர் குறிக்கப்பட்டிருந்தனர். இது ஆய்வுலகில் அரிதாகவே காணப்படும் நேர்மை என்பது எமது எண்ணம்.

அவர்கள் கண்டறிந்த குற்றவாளி, ஈ-கதெரின் என்னும் புரதத்தை ஆக்குகின்ற பரம்பரையலகில் ஏற்பட்டிருந்த விகாரமாகும். ஒரு கலத்தை அயற்கலத்தோடு பிணைத்து வைத்திருப்பதே இப்புரதத்தின் பணி. பிணைப்பு இளகினால் புற்றுநோய் தோன்றுவது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்வதற்கு நாம் சற்றுப் பின்நோக்கிச் செல்லவேண்டும்.

1907 இல் அமெரிக்க உயிரியலாளர் எச்.வி. வில்சன் உயிருள்ள கடற்பஞ்சொன்றை மெல்லிய பட்டுத்துணியினூடாகப் பிழிந்து தனித்தனிக் கலங்களாக்கினார். சிதறிய கலங்கள் மீண்டும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து கடற்பஞ்சாகவே உருப்பெற்றன. 1955 இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரேட்டர் ஆகிய இருவரும் ஈரூடகவாழிகளின் முளையக் கலங்களைப் பிரித்துக் கலந்துவிட்டனர். தோலாக வேண்டிய கலங்கள் வெளிப்புறத்திலும், நரம்பிழையமாக வேண்டியவை உட்புறத்திலுமாகத் தாமே வகைபிரிந்து நின்றன. தன்னினம் எதுவெனக் கலம் அறிந்துகொள்வது எங்ஙனம் என்ற கேள்விக்கு விடை தந்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானின் மசடோஷி டக்கெய்ச்சி ஆவார். கல்சியம் இருந்தாலன்றி ஒட்டாத புரத வகையொன்றை அவர் கண்டறிந்து, 1980 களில் அதற்குக் கதெரின் எனப் பெயரிட்டார்.

முளைய வளர்ச்சியில் இப்புரதங்களின் பங்கு வியப்பிற்குரியது. கருக்கட்டிய முட்டை பிரிந்து எட்டுக் கலங்களை அண்மிக்கும் கட்டத்தில், அதுவரை தளர்வாக இருந்த கலங்கள் இறுக நெருங்கிக்கொள்வதற்கு ஈ-கதெரினே காரணம். இப்புரதம் அறவே அற்ற எலி முளையங்கள் கருப்பையில் பதியும் நிலையிலேயே அழிந்துவிடுகின்றன. பின்னர் நரம்புக்குழாய் உருவாகும்போது, அக்கலங்கள் ஈ-கதெரினைக் கைவிட்டு என்-கதெரினை ஏந்திக்கொள்கின்றன. அதனால் தோற்படையிலிருந்து பிரிந்து தமக்குள் ஒன்றுசேர முடிகின்றது. ஒட்டுவதைப் போலவே உரிய வேளையில் விட்டு விலகுவதும் வளர்ச்சிக்கு இன்றியமையாததாகும்.

உரிய வேளையின்றி விலகுவதே நோய். மேற்கூறிய குடும்பத்தில், விகாரமுற்ற பிரதியொன்றைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெறும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதமாகும். எஞ்சிய நற்பிரதியும் இரைப்பைக் கலமொன்றில் செயலிழக்குமாயின், அக்கலம் தன் வரிசையை விட்டு நழுவி இரைப்பைச் சுவரினுள் பரவத் தொடங்கும். கட்டியாகத் திரளாது தனித்தனியே ஊடுருவுவதால், இரைப்பையினுள் குழாயைச் செலுத்திப் பார்க்கும் வைத்தியரின் கண்ணுக்கும் இது எளிதில் அகப்படுவதில்லை. இதே விகாரம் பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோயையும் விளைவிக்கின்றது.

ஒட்டற் புரதங்கள் வேறு விதங்களிலும் பிழைப்பதுண்டு. பெம்பிகஸ் என்னும் நோயில், தோற் கலங்களைப் பிணைக்கும் டெஸ்மோகிளீனை உடலின் சொந்தப் பிறபொருளெதிரிகளே தாக்குவதால் வாயிலும் தோலிலும் கொப்புளங்கள் உண்டாகின்றன. இன்னொரு அரிய பரம்பரை நோயில், வெண்குருதிக் கலங்கள் குருதிக்கலன் சுவரில் பற்றிநின்று வெளியேற இயலாதிருக்கின்றன. தொப்புள்கொடி விழத் தாமதிப்பதும், சீழ் பிடிக்காமலே தொற்றுகள் தொடர்வதும் இதன் முதல் அடையாளங்கள். பழுதான பிரதியைத் தாயும் தந்தையும் ஆகிய இருவரும் கடத்தினாலே இந்நோய் தோன்றும் என்பதால், மச்சான் மச்சாள் முறைத் திருமணங்கள் வழக்கிலுள்ள எமது சமூகம் இதனை அறிந்திருத்தல் நன்று.

ஒட்டலைத் தடுப்பதையே மருந்தாக்கும் முயற்சியும் நடந்துள்ளது. வெண்குருதிக் கலங்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் நட்டலிசுமாப் மருந்து, பன்முக நரம்பு வன்மை நோய்க்கென 2004 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஆனால், காவல் குன்றிய மூளையில் அரிய வைரசுத் தொற்றொன்று உயிர்களைப் பறித்ததால் 2005 இல் அது மீளப்பெறப்பட்டு, 2006 இல் கடும் கண்காணிப்பு நிபந்தனைகளுடன் மீண்டும் பாவனைக்கு வந்தது.

மவோரிக் குடும்பத்திற்குக் கிடைத்த தீர்வோ மருந்தன்று. குருதிப் பரிசோதனையில் விகாரம் உறுதியானோருக்கு, நோய் தோன்றுமுன்னரே இரைப்பையை முழுமையாக அகற்றும் சத்திரசிகிச்சை பரிந்துரைக்கப்படுகின்றது. உணவுக்குழாய் நேரடியாகச் சிறுகுடலுடன் இணைக்கப்படும். அதன் பின்னர் ஆயுள் முழுவதும் சிறிது சிறிதாக உண்ணவும், விற்றமின் பி12 ஐ வெளியிலிருந்து பெறவும் வேண்டும். நோய் தோன்றும் வாய்ப்பு ஆரம்பத்தில் 70 சதவீதமளவில் மதிப்பிடப்பட்டது. 2019 இல் வெளியான ஆய்வுகளோ அதனை 40 சதவீதத்தை அண்மித்ததாக அல்லது அதற்கும் குறைவாகக் கணித்துள்ளன. இதனால் தீர்மானம் முன்னரைவிடக் கடினமாகியுள்ளது எனலாம். ஆயினும், அகற்றப்பட்ட இரைப்பைகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியபோது புற்றுக் கலங்கள் ஏற்கனவே காணப்பட்டுள்ளன. இத்தீர்மானத்தை எடுக்குமாறு கோரப்படுவோர் பெரும்பாலும் 20 இற்கும் 30 இற்கும் இடைப்பட்ட வயதினர், எந்நோவுமின்றி நடமாடுபவர்கள்.