நாளுக்கு மூன்று மில்லி

கொக்கிப்புழு ஒன்றின் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நெகேட்டர் அமெரிக்கானஸ் வகைப் புழு ஒன்றால் நாளொன்றுக்கு வீணாகும் இரத்தம் சுமார் 0.03 மில்லி, அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு. பூச்சி மாத்திரை சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுவதற்கு இந்தச் சின்ன எண்ணும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதைப் புழுக்களின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

செருப்பில்லாமல் வயல்வேலை செய்யும் ஒரு பெண்ணின் குடலில் 100 புழுக்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. மாதவிடாயில் ஒரு சுழற்சிக்குப் போகும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிதான். அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இது. 120 நாளில் 360 மில்லி ஆகிறது. இரத்த வங்கியில் ஒரு பை 350 மில்லி. பெண்கள் ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கொடுக்க 120 நாள் பொறுக்க வேண்டும் என்பது விதி. உடல் தேறுவதற்கு என்று விதி வகுத்த அந்த இடைவெளியில், இந்தப் பெண் ஒரு பை இரத்தத்தைச் சத்தமில்லாமல் இழந்து முடித்திருப்பார். மறுநாளே அடுத்த பை தொடங்கும். நெகேட்டரின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டு.

இரும்புக் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. 100 மில்லி இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் என்றால் 3 மில்லி இரத்தத்தோடு போவது 1.2 மி.கி. இரத்தம் குடலுக்குள்ளேயே கொட்டுவதால் அதில் சுமார் 40 சதவீதத்தைக் குடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். நிகர இழப்பு 0.7 மி.கி. என்று வைக்கலாம். ஒரு பெண்ணின் உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பு 300 மி.கி. அளவு, பலருக்கு அதுவும் இருக்காது. வேறு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும்கூட, 14 மாதத்தில் சேமிப்பு தீர்ந்துவிடும். சாப்பாட்டில் ஈடுகட்டலாமே என்றால், நம் உணவிலுள்ள இரும்பில் உடம்பில் ஒட்டுவது சுமார் 8 சதவீதம். 0.7 மி.கி. ஒட்ட வேண்டுமானால் தட்டில் கூடுதலாக 9 மி.கி. விழ வேண்டும். முருங்கைக்கீரை 100 கிராமில் ஏறத்தாழ 4.5 மி.கி. ஆக, நாள்தோறும் 200 கிராம் கீரை. இது புழுவுக்கு மட்டும். அந்தப் பெண்ணுக்கு என்று பரிந்துரைக்கப்படும் 29 மி.கி. தனி.

அன்கைலோஸ்டோமா டுவோடினேல் என்ற இன்னொரு வகை இதைவிடப் பெருந்தீனிக்காரப் புழு. ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் 0.2 மில்லி. 100 இருந்தால் மாதம் 600 மில்லி.

100 புழு என்பது மிகைப்படுத்தலா? ஆய்வகக் கணக்கில் அது நடுத்தரத் தொற்றின் வாசல்படி. பாதி பெண் புழு என்றால் 50. ஒவ்வொன்றும் நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டை இடும். நடுவில் 7,000 என்று வைத்தால் மொத்தம் 3,50,000. நாளுக்கு 175 கிராம் மலம் என்றால், கிராமுக்கு 2,000 முட்டை. உலக சுகாதார நிறுவனம் 2,000-க்குக் கீழ் லேசானது, 4,000 முதல் கடுமையானது என்கிறது. காட்டோ-காட்ஸ் முறையில் பரிசோதகர் அச்சுத்தகட்டின் துளையில் 41.7 மி.கி. மலத்தை நிரப்பி, கிளிசரினில் ஊறிய செல்லோஃபேன் தாளால் மூடி அழுத்துவார். நுண்ணோக்கியில் எண்ணி 24-ஆல் பெருக்குவார். சிலைடில் 84 முட்டை தெரிந்தால் நடுத்தரத் தொற்று. கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. ஒரு மணி நேரம் தாண்டினால் கிளிசரினில் கரைந்து மறைந்துபோகும். சிலைடு காத்திருந்தால் நோயாளிக்குப் புழு இல்லை என்றே சீட்டு வரும்.

மலேரியாக் கிருமி உடலுக்குள் ஒன்று ஆயிரமாகும். குடற்புழு அப்படிப் பெருகாது. 100 புழு இருந்தால், 100 முறை ஒரு குட்டிப்புழு தோலைத் துளைத்து உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் முட்டை பொரிந்து 5 முதல் 10 நாளில் அரை மில்லிமீட்டர்ப் புழு தயாராகிவிடும். விரலிடுக்கில் சற்று அரிப்பு. பிறகு இரத்தம், நுரையீரல், தொண்டை வழியாகக் குடலுக்குப் பயணம். இந்தத் தோல்வழியை எகிப்தில் ஆர்தர் லூஸ் 1898-இல் கண்டறிந்தார். குட்டிப்புழுக்கள் இருந்த நீர் அவர் கையிலேயே சொட்டி அரித்ததுதான் தொடக்கம்.

இனி மருந்துக் கணக்கு. அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு மாத்திரை, கடையில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் அடங்கும். கொக்கிப்புழுவை 100-க்கு 80 பேரிடம் ஒரே வேளையில் தீர்த்துவிடுகிறது. மெபெண்டசோல் 500 மி.கி. ஒரு வேளை கொடுத்தால் 100-க்கு 30 பேர் அளவுக்குத்தான் குணமாகிறார்கள். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடும் இருந்தது. 1 முதல் 19 வயது வரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு 2 வீதம் ஒரு பிள்ளைக்கு மொத்தம் 38 வேளை. மிக நல்ல திட்டம். உருண்டைப்புழு குழந்தைகளிடம்தான் அதிகம் என்பதால் அதற்குப் பொருத்தமான வயதும்கூட.

கொக்கிப்புழுவோ வயது ஏற ஏறக் கூடுகிறது. தேசியத் திட்டத்தில் 19 வயதோடு மாத்திரை நிற்கிறது. வயல்வேலை அப்போதுதான் தொடங்குகிறது. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்தபின் ஒரு மாத்திரை கிடைக்கும். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். மற்றபடி 60 வயது வரை ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்றது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. எல்லாமே புழுவால் வந்தது அல்ல. எத்தனை பேருக்குப் புழு என்று மலம் பார்க்காமல் இரும்பு மாத்திரை மட்டும் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. புழுவைக் கொன்றுவிட்டு இரும்பு தராமல் விடுவதும் அதே தவறு; போன இரும்பை அல்பெண்டசோல் திருப்பித் தராது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதா, ஊருக்கே கொடுப்பதா என்பதை ஒப்பிட டிவார்ம்3 ஆய்வு நடந்த மூன்று நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இங்கே அது நடந்த இடங்கள் திமிரியும் ஜவ்வாது மலையும். ஆண்டுக்கு 2 முறை, 3 ஆண்டு.

மாத்திரை மட்டும் போதாது என்பதற்குப் பழைய சான்று இலங்கையில் இருக்கிறது. 1916-இல் ராக்பெல்லர் அறக்கட்டளை மாத்தளைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களிடையே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. ஏறக்குறைய எல்லாருக்கும் தொற்று இருந்தது. மருந்து கொடுத்தார்கள்; கழிப்பறை கட்டும் செலவுக்குத் துரைமார் தயங்கினார்கள்; புழு திரும்பி வந்தது. இன்றைய ஆய்வுகளின் தொகுப்பும் அதையே காட்டுகிறது: மருந்து கொடுத்து 12 மாதத்தில் கொக்கிப்புழுத் தொற்று பழைய அளவில் 57 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 10 மாத்திரை, கடை விலையில் அதிகபட்சம் 150 ரூபாய். தூய்மை இந்தியா திட்டத்தில் ஒரு கழிப்பறைக்கு அரசு தருவது 12,000 ரூபாய். இரண்டையும் எதிரெதிரே வைத்து எது மலிவு என்று கேட்கக் கூடாது. முன்னது உள்ளே இருக்கும் 100 புழுவுக்கு, பின்னது நாளுக்கு மண்ணில் விழும் 3,50,000 முட்டைக்கு.