வரப்புப் பச்சையும் வயல் பச்சையும்

மெக்கானிக்கல் படிக்கிறவன் பூச்சியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25 பிட்ச், 1 பிட்ச் என்று இரண்டு வகை உண்டு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். பூச்சி உலகிலும் இதே கதைதான்.

சம்பா பருவத்தில் வரப்பில் நடந்தால் பச்சையாக ஏதோ சிதறித் தெறிக்கும். இரவில் விளக்கு வெளிச்சத்திலும் வந்து மொய்க்கும். இதுதான் பச்சைத் தத்துப்பூச்சி. நீளம் சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர். பின்னங்கால் நெடுகிலும் வரிசையாக முட்கள் இருந்தால் அது இலைத்தத்துப்பூச்சி. முழங்காலுக்குக் கீழே, காலின் நுனியில் அசையக்கூடிய ஒரே ஒரு பெரிய முள் இருந்தால் அது புகையான் கூட்டம். முதல் பரிசோதனை இதுதான்.

அடுத்ததுதான் சிக்கல். நம் பக்கத்துப் பச்சைத் தத்துப்பூச்சியில் முக்கியமாக இரண்டு இனங்கள். ஒன்று நெஃபோடெட்டிக்ஸ் வைரசென்ஸ். இதற்கு நெல்தான் பிரியம். மற்றொன்று நெஃபோடெட்டிக்ஸ் நைக்ரோபிக்டஸ். இது பெரும்பாலும் புல்லில் வாழும், நெல்லுக்கும் வந்து போகும். சாதாரண லென்ஸ் ஒன்றை எடுத்துத் தலையைப் பாருங்கள். இரு கண்களுக்கும் நடுவே, நெற்றி ஓரமாகக் கறுப்புப் பட்டை ஓடினால் நைக்ரோபிக்டஸ். பட்டை இல்லாமல் சுத்தப் பச்சையாக இருந்தால் வைரசென்ஸ். ஆண் பூச்சியின் இறக்கையில் கறுப்புப் பொட்டு இருக்கும். நைக்ரோபிக்டஸில் அது உள்பக்க மடிப்புக் கோட்டைத் தொடும்; வைரசென்ஸில் தொடாது.

"அவ்வளவுதானா?" என்று கேட்கிறீர்களா? இல்லை. சில பூச்சிகளில் பட்டை மங்கலாக இருக்கும், சிலவற்றில் பொட்டே இருக்காது. அப்போது ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, சதை கரைந்ததும் கிளிசரினில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இனப்பெருக்க உறுப்பின் வடிவமும் அதிலுள்ள பற்களின் எண்ணிக்கையும் இனத்துக்கு இனம் மாறும். நிறம் ஏமாற்றலாம், இது ஏமாற்றாது.

பெயரிலும் ஏகக் குழப்பம் நடந்திருக்கிறது. நைக்ரோபிக்டஸுக்கு 1870-ல் பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு ஸ்டோல். வைரசென்ஸுக்கு 1908-ல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் டிஸ்டன்ட். அவர் அதை வேறொரு பேரினத்தில் வைத்தார். அதனால்தான் அவர் பெயரை இன்று அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள். நடுவில் ஒரே வைரசென்ஸ் பூச்சியை இம்பிக்டிசெப்ஸ் என்றும், நைக்ரோபிக்டஸை அபிகாலிஸ் என்றும் பல கட்டுரைகள் எழுதின. 1971-ல் கவுரி என்ற ஆய்வாளர், முதன்முதலில் பெயர் வைக்கப்பட்ட அதே மாதிரிப் பூச்சிகளை எடுத்து ஒப்பிட்டு இந்தப் பேரினத்தை ஒழுங்குபடுத்தினார். நம் ஒர்க்‌ஷாப்பில் மாஸ்டர் கேஜ் எப்படியோ, அப்படித்தான் அந்த மாதிரிப் பூச்சி. பழைய கட்டுரை படிப்பவர்கள் இந்தப் பெயர் மாற்றத்தை மனதில் வைக்காவிட்டால் எந்தப் பூச்சி என்ன செய்தது என்றே தெரியாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. நெல்லைப் பாழாக்கும் துங்ரோ நோயைப் பரப்புவதில் முதலிடம் வைரசென்ஸுக்குத்தான். நைக்ரோபிக்டஸும் பரப்பும், ஆனால் திறமை குறைவு. நோய்க்குக் காரணம் இரண்டு வைரஸ்கள். பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்குவது முக்கியமாகக் குச்சி வடிவ வைரஸ். ஆனால் உருண்டை வடிவ வைரஸின் துணை இல்லாமல் பூச்சியால் அதைச் சுமந்து போக முடியாது. பூச்சியிடம் இந்த நோய் சில நாட்களே தங்கும்; தோலுரித்தால் போய்விடும். முட்டை வழியாகவும் அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஆகவே பக்கத்தில் நோயுற்ற பயிர் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

சென்ற சம்பாவில் எங்கள் வரப்பில் பச்சைப் பூச்சி மொய்த்தது. அப்பா கடனுக்கு மருந்து வாங்கக் கிளம்பிவிட்டார். "ஒரு நாள் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, வரப்புப் புல்லில் கொஞ்சமும் பயிரில் கொஞ்சமும் பிடித்து லென்ஸில் பார்த்தேன். புல்லில் பிடித்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நெற்றியில் கறுப்புப் பட்டை. பயிரில் கிடைத்ததோ மிகச் சொற்பம். சுற்று வயல்களிலும் மஞ்சளித்த பயிர் இல்லை. மருந்து அடிக்காமல், வாரம் இரண்டு முறை இறங்கிப் பார்த்துக்கொண்டே வந்தோம். பூச்சியைத் தின்னும் சிலந்திகள் பிழைத்தன. அறுவடையும் குறையவில்லை. மருந்துக்குப் போக வேண்டிய பணம் என் பரீட்சைக் கட்டணத்துக்கு ஆனது.

விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையில் ஒரு லென்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். எதிரி யார், வழிப்போக்கன் யார் என்று தெரிந்துகொண்டு பிறகு மருந்து டப்பாவைத் திறக்கலாம்!