பிறந்தவன் கடனாளியா?

"நான் கேட்டா பிறந்தேன்?" என்னும் கேள்வி நம் வீடுகளுக்குப் புதிதன்று. தகப்பனார் கடிந்துகொண்ட மாலையில் பதினாறு வயதுப் பையன் அதைக் கேட்பான். மறுநாள் காலையில் மறந்தும் விடுவான். ஆனால் 2019-ஆம் வருஷத்தில் மும்பையைச் சேர்ந்த ஸ்ரீ ரஃபேல் சாமுவேல் என்னும் 27 வயது வாலிபர் அதை மறக்கவில்லை. தம்முடைய சம்மதமின்றித் தம்மைப் பெற்றெடுத்ததற்காகத் தாய் தந்தையர் மீது வழக்குத் தொடுக்கப் போவதாக அவர் பகிரங்கமாக அறிவித்தார். அவருடைய பெற்றோர் இருவரும் வக்கீல்கள் என்பது இவ்விஷயத்தில் ஒரு வேடிக்கை. பிறப்பதற்கு முன் மகனுடைய சம்மதத்தை எவ்விதம் பெற்றிருக்கக் கூடும் என்று அவர் நியாயமான விளக்கம் தருவாராயின், தம் தவறை ஒப்புக்கொள்ளத் தயார் என்று தாயார் பதில் கூறினார். நல்ல வக்கீலின் பதில் என்றே நாம் சொல்லுவோம்.

அவ்வழக்கைப் பற்றி எழுதுவது நம் நோக்கமன்று. அந்த வாலிபர் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த விரும்பினார். வேறு சிலரோ பிறந்தவனையே அக்கூண்டில் நிறுத்துகிறார்கள். ஒரு மனிதன் உயிரோடிருப்பதே பூமிக்குப் பாரம். அவன் உண்ணும் சோறும் குடிக்கும் நீரும் பிறருடைய பங்கு. ஆகவே ஜீவித்திருப்பதற்கே அவன் உத்தரவாதி என்பது அவர்களுடைய வாதம். பிறவாமையே மேல் என்று தென்னாப்பிரிக்கத் தத்துவப் பேராசிரியர் டேவிட் பெனட்டார் 2006-இல் ஒரு புஸ்தகமே எழுதினார். நம் பெரியோர்களும் பிறவா வரம் வேண்டியதுண்டு. ஆனால் அது ஆண்டவனிடம் செய்த விண்ணப்பமேயன்றி அண்டைவீட்டான் மீது கொண்டுவந்த பிராது அன்று.

பிறப்பதில் குற்றமில்லை என்பது நமது திடமான அபிப்பிராயம். குற்றத்துக்குச் செயல் வேண்டும். செயலுக்குச் சித்தம் வேண்டும். பிறப்பில் பிறப்பவனுக்கு இரண்டும் இல்லை. பிறப்பை நஷ்டமாகக் கணக்கிடுவதும் எளிதன்று. 2000-ஆம் வருஷம் நவம்பரில் பிரான்ஸ் தேசத்து உச்ச நியாயஸ்தலம், கர்ப்பத்தில் தாய்க்குக் கண்ட நோயை வைத்தியர்கள் கண்டறியாததால் அங்கவீனத்துடன் பிறந்த குழந்தை தானே நஷ்ட ஈடு பெறலாம் என்று தீர்ப்பளித்தது. தேசமெங்கும் ஆக்ஷேபம் எழுந்தது. 2002-ஆம் வருஷம் மார்ச் 4-ஆம் தேதி இயற்றப்பட்ட சட்டம், பிறந்தது ஒன்றையே காரணமாகக் காட்டி எவரும் நஷ்டம் கோர முடியாது என்று விதித்துவிட்டது. பிறந்தவன் வாதியாக முடியாதென்றால், பிறந்த ஒரே காரணத்துக்காக அவனைப் பிரதிவாதியாக்குவது மட்டும் எப்படி நியாயமாகும்?

ஆயினும் குற்றம் இல்லையென்றால் கடனும் இல்லையென்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் நம் அன்பர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். இதைத் தெளிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டியதில்லை. பாகூருக்குப் போனால் போதும்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூருக்கு உயிர் அதன் ஏரி. புதுவைப் பிரதேசத்து 84 ஏரிகளில் ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரியது இதுவே. கர்நாடகத்து நந்திமலைச் சாரலில் பிறக்கும் பெண்ணையாறு கிருஷ்ணகிரியைக் கடந்து, சாத்தனூர் அணையில் தங்கி, சொர்ணாவூர் அணைக்கட்டுக்கு வருகிறது. அங்கிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் பாகூர் ஏரியை அடைகிறது. பங்காரி, சிங்காரி என்னும் சகோதரிகளான இரு தாசிகள் வெட்டுவித்த வாய்க்கால் என்று ஊரார் சொல்லுவது வழக்கம். பாகூரில் இன்று பிறக்கும் குழந்தை இந்த வாய்க்காலை வெட்டவில்லை, கரையை உயர்த்தவில்லை, மதகை அமைக்கவில்லை. ஆயினும் அதன் தாய் உண்ட சோற்றில் இவ்வளவு பேருடைய உழைப்பும் இருக்கிறது.

அப்படியானால் குழந்தை கடனாளியா? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு இதற்கு ஓரளவு துணை செய்கிறது. இனாமாகச் செய்யும் கருத்தின்றி ஒருவன் மற்றொருவனுக்கு நியாயமாக ஒன்றைச் செய்ய, மற்றவன் அதன் பலனை அனுபவித்தால், ஒப்பந்தம் ஏதுமின்றியே அவன் ஈடு செய்யக் கட்டுப்பட்டவன். "நான் கேட்டேனா?" என்னும் சமாதானம் அங்கே செல்லாது. ஆனால் நியாயஸ்தலங்கள் இதற்கு ஒரு வரம்பும் கட்டியிருக்கின்றன. வேண்டாமென்று மறுக்க இடமிருந்தும் ஏற்றுக்கொண்டவனையே இப்பிரிவு கட்டுப்படுத்தும். தாய்ப்பாலை மறுக்கக் குழந்தைக்கு இடமேது? தாகத்துக்குக் குடிக்கும் நீரை மறுக்க எவனுக்குத்தான் இடமுண்டு? ஆதலால் உயிர் தரிப்பதற்கு இன்றியமையாததைப் பெற்றதற்காக எவனையும் கடனாளி என்று நாம் சொல்லமாட்டோம். மறுக்கக் கூடியதை மறுக்காமல் எடுத்துக்கொள்ளும் நாளில்தான் கணக்கு தொடங்குகிறது.

பாகூர் மிராசுதாரர் அந்தக் கணக்கை நன்கு அறிவார். ஏரி நீருக்கு முறை உண்டு, கரை உண்டு, கேட்பதற்கு அண்டை வயற்காரன் உண்டு. ஆழ்குழாய்க் கிணற்றுக்கோ இவை ஒன்றும் இல்லை. பொத்தானை அமுக்கினால் நீர் வருகிறது. ஏரி தூர்ந்தாலும் தன் வயல் பச்சையாயிருக்கும் என்று கண்டவன் ஏரியைப் பற்றிக் கவலைப்படுவானேன்? கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடல் நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகின்றன. இறைத்தவன் இனிப்பு நீரைக் கண்டான். உப்பு நீரைக் காணப்போகிறவன் இன்னும் பிறக்கவே இல்லை. அவனும் கேட்டுக்கொண்டு பிறக்கப் போவதில்லை.

"எல்லோருக்கும் பொறுப்பு உண்டு" என்று மேடையில் முழங்குவது சுலபம். யாருடைய பொறுப்பு, எவ்வளவு என்று கேட்டால் மேடை மௌனமாகிவிடும். குடிமராமத்து என்று நம்மவர் பெருமையோடு பேசும் பழைய ஏற்பாட்டில் மண்வெட்டி பிடித்த கைகள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவை. அவர்கள் காத்த கரையின் நீர் பாய்ந்த வயலில் அவர்களுக்கு ஒரு குழி நிலமும் சொந்தமாயிருந்ததில்லை. 1858-ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் இவ்வுழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டமும் வந்தது. பலனைப் பெறாதவனிடம் கடனை வசூலிப்பதற்குப் பெயர் தர்மமன்று, வெட்டி வேலை. உயிரோடிருப்பதற்கு எல்லோரும் சமமாகப் பொறுப்பாளிகள் என்னும் உபதேசம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால்தான் நாம் அதை இவ்வளவு கண்டிப்புடன் மறுக்கிறோம்.

சம்மதமில்லாத கட்டுப்பாடு நம் பிரதேசத்துக்குப் புதிதுமன்று. 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தார்கள். அதன்பின் பிறந்த எவரையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தை அனுபவித்துக்கொண்டு, அதற்குரிய வரியை மட்டும் "என் பாட்டனார் போட்ட வோட்டு" என்று தள்ளிவிட எவரும் துணிவதில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது 8-ஆவது ஆட்சியாண்டில், பாகூர் வித்தியாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று கிராமங்கள் தானமாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கிறது. கல்வி கற்கவிருந்தவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். நம் நாட்டுப் பழைய சாசனங்கள் பலவற்றின் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. பிற்காலத்தில் அத்தர்மத்தைக் காப்பவனுடைய பாதங்களைத் தானம் செய்தவன் தன் தலைமேல் தாங்குவான். அழிப்பவனுக்குப் பாவத்தைச் சாற்றுவான். பிறந்ததற்காகச் சபித்தவர்கள் இல்லை; கைக்கு வந்ததை அழிப்பதற்காகத்தான் சபித்தார்கள். கொடுத்தவனே பிறக்காதவனுடைய காலில் விழுகிறானே, இந்த விநயத்தை நம் காலத்து உபதேசிகளிடம் நாம் காணோம்.

இனி, கடனை ஒப்புக்கொண்டவன் அதை எங்கே செலுத்துவது? 1999-இல் ஐரோப்பிய உதவியுடன் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம் கிராமந்தோறும் ஏரிச் சங்கங்களை ஏற்படுத்த முயன்றது. உள்ளாட்சியின் கதையோ இன்னும் விசித்திரமானது. 1968-க்குப் பிறகு 2006-இல்தான் புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தபின் மீண்டும் பல்லாண்டுகள் தேர்தல் இல்லை. பங்காரு வாய்க்காலைத் தூர்வாரத் தன் பங்கைத் தருகிறேன் என்று ஒரு பாகூர்வாசி ஐப்பசி மழைக்கு முன் எழுந்து நின்றால், அவனிடம் இத்தனை என்று கணக்குக் கேட்கவும், அதிகம் இறைத்தவனிடம் அதிகம் கேட்கவும், நிலமற்றவனை விட்டுவிடவும் அதிகாரமுள்ள சபை ஊரில் இருக்கவேண்டும். அச்சபையைக் கூட்டும்படி சர்க்காரை வற்புறுத்துவது நம் ஊழியர்கள் உடனே மேற்கொள்ள வேண்டிய காரியம்.