பழைய காகிதப்பூச் செடியைத் தோண்டி போன்சாய் ஆக்கலாம்

கிணற்று மேட்டிலும், தோட்டத்து வாசலிலும், வேலியோரத்திலும் அப்பா காலத்தில் வைத்த காகிதப்பூச் செடி பல ஊர்களில் உண்டு. போகன்வில்லா என்று நர்சரிக்காரர்கள் சொல்வதும் இதைத்தான். பாதையை அகலப்படுத்தும்போதும், கம்பிவேலி போடும்போதும், மோட்டார் அறை கட்டும்போதும் முதலில் வெட்டி எரிக்கப்படுவது இதுவே. முள் அதிகம், பூவும் மாலைக்கு ஆகாது என்பதால் யாரும் யோசிப்பதில்லை.

ஆனால், 20, 30 ஆண்டு வயதான அடிமரம் எளிதில் கிடைக்காத பொருள். தொட்டியிலேயே வளரும் செடி அந்தப் பருமனை அடையப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நிலத்தில் முற்றிய அடிமரத்தைத் தோண்டி, குட்டையாக வெட்டி, தொட்டியில் மறுபடி தழைக்கச் செய்தால் சில ஆண்டுகளில் அழகான போன்சாய் மரம் ஆகிவிடும். எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள் என்றால், எரிப்பதற்கு முன் இந்த முறையைச் செய்து பார்க்கலாம்.

எந்தச் செடி ஏற்றது?

அடிமரம் குறைந்தது 3 அங்குலம் பருமன் இருக்க வேண்டும். நேராக உயர்ந்த மரத்தைவிட, அடியில் தடித்து, வளைந்து, மேலே சிறுத்துப் போகும் மரமே போன்சாய்க்கு அழகு. அடியில் பூச்சி அரித்தும் உளுத்தும் போயிருந்தால் விட்டுவிடுங்கள். தோண்டும் செடி உங்கள் சொந்த நிலத்தில் உள்ளதாக இருக்கட்டும். பொது இடத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ அனுமதியின்றித் தோண்டக் கூடாது.

தோண்டும் பருவம்

காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெயில் செடி. மண்ணில் சூடு இருந்தால்தான் வேர்விடும். மாசி, பங்குனி மாதங்களும், ஆனி, ஆடி மாதங்களும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நட்டால் கட்டை அழுகும். மார்கழிக் குளிரில் வேர்விடத் தாமதமாகும். ஆடியில் நடுபவர்கள் காற்றுப் படாத மறைவான இடத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்னதாகவே வேரைத் தயார் செய்தல்

அவசரம் இல்லை என்றால் ஒரே நாளில் தோண்ட வேண்டாம். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, வட்டத்தில் பாதி தூரத்துக்கு மட்டும் பள்ளம் வெட்டி, குறுக்கே வரும் வேர்களை நறுக்கி, மணலும் மக்கிய எருவும் கலந்து மூடிவிடுங்கள். மூன்று, நான்கு மாதம் கழித்து மறுபாதி. வெட்டிய இடத்தில் புதிய சல்லி வேர் வந்திருக்கும். பிறகு எடுத்தால் செடிக்கு அதிர்ச்சி குறைவு.

பெரிய கொடிகளுக்கு இந்தப் பொறுமை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே விஸ்டீரியா என்ற கொடி ஊதாப் பூக்களைச் சரம் சரமாகத் தொங்கவிடும். நூறு ஆண்டுக்கு மேல் வயதான ஒரு விஸ்டீரியாவை 1996-ல் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அஷிகாகா பூங்காவுக்கு மாற்றினார்கள். இதைப் பொறுப்பேற்றுச் செய்தவர் கொனாமி சுகமோட்டோ என்ற பெண் மர மருத்துவர். முன்னேற்பாட்டுக்கு மட்டுமே அவர் இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அந்தக் கொடி இன்றும் பூக்கிறது.

வெட்டும் முறை

முதலில் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் முள் படாமல் கவனம் தேவை. மரம் முடிவில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டுமோ, அதைவிடச் சற்றுக் குறைவாக, சுமார் ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில் ரம்பத்தால் வெட்டவும். அரிவாளால் வெட்டினால் கட்டை பிளந்துவிடும். இலைகள் எல்லாவற்றையும் நீக்கிவிடவும்.

பிறகு ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் பள்ளம் எடுத்து, அடி வேரை அறுத்துக் கட்டையைத் தூக்கவும். காகிதப்பூ வேர் எளிதில் ஒடியும். இழுக்கக் கூடாது. மண் உதிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். தடித்த வேர்களை 4 முதல் 6 அங்குல நீளம் விட்டு, நுனியைக் கூரிய கத்தியால் சீராக நறுக்கவும். சல்லி வேர் இருந்தால் ஒன்றைக்கூட வீணாக்க வேண்டாம். ஈரச்சாக்கில் சுற்றி, அன்றே நட்டுவிட வேண்டும்.

இதன் கட்டை மென்மையானது. மேல் வெட்டுவாயில் நீர் இறங்கினால் உள்ளே அழுகிக்கொண்டே போகும். அதனால் போர்டோ பசை தடவுவது அவசியம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, பின்னர் கலக்கவும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம்தான் ஆகும். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே பயன்படுத்திவிடவும். பசை மேல் வெட்டுக்கு மட்டுமே. வேரில் பட வேண்டாம்.

நடவு

அடியில் துளைகள் உள்ள பெட்டியோ, பழைய பெயின்ட் வாளியோ போதும். அழகுத் தொட்டிக்கு இப்போது அவசரமில்லை. பருமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு கலந்து நிரப்பவும். மணல் கிடைக்காவிட்டால் சலித்த செங்கல் தூள்ஜல்லி போடலாம். எருவோ உரமோ இப்போது சேர்க்கக் கூடாது. நட்ட பிறகு கட்டை அசையாதபடி கயிற்றால் வாளியோடு சேர்த்துக் கட்டுங்கள். கட்டை ஆடினால் புதிதாக வரும் இளவேர் அறுந்துவிடும்.

ஒரு தடவை நன்றாக நீர் ஊற்றி, மேலே தெளிவான பிளாஸ்டிக் தாள் மூடி, நிழலில் வைக்கவும். அடுத்த நீர், மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகுதான்.

துளிர் கண்டு ஏமாற வேண்டாம்

இரண்டு, மூன்று வாரத்தில் கட்டையெங்கும் துளிர் வரும். இங்கேதான் பலரும் செடியை இழக்கிறார்கள். நானும் அப்படி ஒன்றை இழந்தவன்தான். இருபதாம் நாள் துளிரைப் பார்த்ததும் செடி பிடித்துவிட்டது என்று மூடிய தாளை எடுத்து, வெயிலில் வைத்து, கொஞ்சம் யூரியாவும் போட்டேன். பத்து நாளில் துளிர் எல்லாம் கருகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை.

காரணம் எளிது. முதல் துளிர், கட்டையில் சேர்ந்திருந்த உணவைக் கொண்டே வருவது. விதைக் கிழங்கு மண்ணில்லாமலே முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான் இதுவும். இந்தத் துளிர் இலையாகி உணவு தயாரித்த பிறகே வேர் பிடிக்கிறது. அதற்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும். தளிர் ஓர் அடிக்கு மேல் நீண்டு, நடுப்பகலிலும் வாடாமல் நின்றால், அல்லது அடித்துளையில் வெள்ளை வேர் தெரிந்தால்தான் செடி பிழைத்தது என்று பொருள். அதன் பிறகு தாளில் சிறு துளைகள் இட்டு, நாளுக்கு நாள் பெரிதாக்கி, பத்துப் பதினைந்து நாளில் முழுவதும் எடுத்து, மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கவும்.

பிந்தைய பராமரிப்பு

முதல் ஆண்டு கிளைகளை வெட்டாமல் நீளமாக வளர விடுங்கள். இலை அதிகம் இருந்தால் வேரும் அதிகம். இரண்டாம் ஆண்டில் வேண்டிய கிளைகளை மட்டும் வைத்து மற்றதை நீக்கலாம். இளங்கிளைகளை அலுமினியக் கம்பி சுற்றி வளைக்கலாம். முற்றிய கிளை முறிந்துவிடும். வேர் நன்கு நிறைந்த பிறகே ஆழமில்லாத போன்சாய்த் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

நிறமாகத் தெரிவது பூவல்ல, பூவைச் சூழ்ந்த இலைச் செதில். நடுவே உள்ள சிறு வெள்ளைக் குழல்தான் பூ. இவை புதுக் கிளைகளில் வருபவை. ஆகவே ஒருமுறை பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கத்தரித்துவிட வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் தேவை. இலை சற்றே தொய்யும்வரை நீரைக் குறைத்துப் பிறகு ஊற்றினால் பூ கூடும். தழைச்சத்து அதிகமானால் இலைதான் மிஞ்சும்.

விற்பனைக்காகச் செய்பவர்கள் முதலில் இரண்டு, மூன்று கட்டைகளோடு நிறுத்திக்கொண்டு, அருகிலுள்ள நர்சரியில் விசாரித்த பிறகு மேலே செல்வது நல்லது. அடிமரத்தின் பருமனையும் கிளை அமைப்பையும் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். வெட்டிய கிளைகளையும் வீசிவிட வேண்டாம். பென்சில் பருமனுள்ளவற்றை 8 அங்குலத் துண்டுகளாக நறுக்கி மணலில் ஊன்றினால் அவையும் நாற்றாகும். கட்டை தவறினாலும், அப்பா வைத்த செடியின் வம்சம் வீட்டில் இருக்கும்.