உழவும் உறுதியும்

நிலத்தை உழுவோன் ஒருவன்; அதற்கு உடைமை பூண்டோன் மற்றொருவன். இருவருக்கும் இடையேயான உறவு வாய்ச்சொல்லளவில் நிற்கும்வரை, தலைமுறை தலைமுறையாக உழுதவனும் ஒரே நாளில் நிலமற்றவனாதல் கூடும். இலங்கை மலைநாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கண்டி நாட்டுக் கிராமங்களில் வயலை வாரத்துக்குச் செய்வோர் விளைவிற் பாதியை உடைமையாளருக்கு அளந்தனர். பாதி எனும் பொருள்படும் சிங்களச் சொல்லாலேயே அம்முறை ‘அந்தே’ எனப்பட்டது. குடியை வைத்திருத்தலும் நீக்குதலும் உடைமையாளரின் விருப்பமாகவே இருந்தன. விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இந்நிலையை மாற்ற முனைந்தது. குடிக்கு நிலையான உரிமையும், அது வழிவழி செல்லும் வகையும் அச்சட்டத்தாற் கிடைத்தன. வாரத்துக்கும் உச்ச எல்லை விதிக்கப்பட்டது. ஆயினும் உடைமையாளர் பலர் குடிகளை வெளியேற்றினர். வேறு சிலர் அவர்களைக் கூலியாட்கள் என்று பெயர் மாற்றினர். எழுத்துச் சான்றின்றி உழுதவன் தன்னைக் குடியென நிறுவுதல் அரிதாயிற்று.

வயற்குடிக்கு இந்நிலையெனின், தேயிலை மலைகளில் வாழ்வோர் நிலை யாது? தலவாக்கலையை அடுத்துப் புகையிரத நிலையம் கொண்ட வட்டகொடையும் அதன் சூழலும் தோட்டங்களாலானவை. 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உறுதியற்ற காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. கிராமத்தார் இழந்த அம்மலைச்சாரல்களிற் கோப்பியும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும் வளர்ந்தன. தமிழகத்திலிருந்து வந்து உழைத்தோர் இலயங்களில் வாழ்ந்து, அருகிலுள்ள சிறு துண்டுகளிற் கோவாவும் கிழங்கும் பயிரிட்டனர். அத்துண்டுக்குக் குத்தகையும் இல்லை, உறுதியும் இல்லை. தோட்ட நிருவாகத்தின் அனுமதியே உண்டு. வேலை போயின், வீடும் துண்டும் உடன்போகும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஆகவே 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, பங்கீட்டில் இவர்களுக்கு இடம் கிட்டவில்லை. மாறாக, நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சி எழுந்தது. இருந்த இடமும் தொழிலும் பறிபோகும் என அஞ்சித் தொழிலாளர் எதிர்த்தனர். 1977 மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்திற் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குச் சிவனு லெட்சுமணன் என்ற தொழிலாளி பலியானார். அதன்பின் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உயிர்கொடுத்துக் காக்கப்பட்ட அந்நிலத்தில் ஓரடிக்கேனும் காத்தவர்களிடம் உறுதி இருக்கவில்லை. நிலம் தோட்டத்தோடு நின்றது. அதை உழைத்து வளர்த்தோர் முன்போலவே உரிமையற்று நின்றனர். பின்னர் குடியுரிமைச் சிக்கல் சட்டங்களாற் தீர்க்கப்பட்டது. 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. எனினும் இலயங்களில் வாழ்வோரிற் பெரும்பாலோர் இன்றும் காணியுறுதி பெற்றிலர்.

வயற்குடியைச் சட்டம் குடியென்றாவது ஏற்றது. தோட்டத்தில் உழைப்போனுக்கு அப்பெயரும் கிட்டவில்லை. அனுமதி எழுதினோன் அதனை அழிக்கவும் வல்லன். உறுதியை அங்ஙனம் அழித்தல் இயலாது. உழைப்பு உரிமையாக மாறுவது அவ்வுறுதி உழைத்தோன் கையை அடையும் நாளிலேயே ஆகும்.